கண்ணாடிப் பூ

மார்ச் 3

அன்புள்ள பொடிசுக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன் அண்ணனுடைய கடல்நீர் மீன் தொட்டியில் நான் ஒரு வாளி கொதிநீரைக் கொட்டினேன் என்று என் மகன் உன்னிடம் போனில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மருமகள் அதைத் தன் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "மனசு சரியில்லன்னா கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருங்களேன்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். வாளி இல்லை. ஒரு தேக்கரண்டி. கொட்டவும் இல்லை. பாறையில் முளைத்திருக்கும் ஒரு பூச்சியின் மேல் விட்டேன். "வெந்நீர் விட்டா செத்துரும்மா" என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். கரண்டி தண்ணீருக்குள் இறங்குவதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது. பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் இருந்த என் மகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. உன் கண் அறுவை ஆறியதா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, நினைத்தபோது விடாதே.

இனி விஷயம். பூச்சியின் அடையாளம்: பழுப்பு நிறம். ஒளி ஊடுருவும் உடல். தண்டு ஒரு தீக்குச்சி நீளம். உச்சியில் மெல்லிய கைகள் வட்டமாக விரிந்திருக்கின்றன. என் நிழல் பட்டாலே துளைக்குள் சுருங்கிவிடுகிறது. மொத்தம் ஒன்பது. இடம் குறித்துப் படம் வரைந்து இணைத்திருக்கிறேன். அவற்றுக்கு அருகில் இருக்கும் பவளங்கள் அந்தப் பக்கம் மட்டும் வெளுத்து, சுருங்கிப்போயிருக்கின்றன. பெரிய மூளைப் பவளம் உட்பட.

இதைப் பார்த்ததும் என் மகன் தொட்டியைக் கழற்றிவிட்டு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக முடிவு செய்துவிட்டான். "அப்பா இல்லாம உன்னால இதைப் பாத்துக்க முடியாதும்மா. வீட்டையும் காலி பண்ணிடலாம்" என்றான். முடியும் என்றேன். ஆகஸ்ட் கடைசி நாளுக்குள் இந்தப் பூச்சி ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்கிறேன், இல்லாவிட்டால் தொட்டியையும் வீட்டையும் விட்டு உன்னோடு வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அவன் ஒரு நிபந்தனை சேர்த்தான்: ஒழிந்ததா இல்லையா என்பதை அத்தை எழுதித் தர வேண்டும். குடும்பத்தில் தொட்டி வைத்திருப்பவள் இப்போது நீ ஒருத்திதான். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

உன் அண்ணன் போன அன்று கூடத்தில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இந்தத் தொட்டியை அண்ணி கழுவியே கொன்னுடுவாங்க." பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் கொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

பதில் கடிதமாக வரட்டும். போனில் பேசினால் நீ பாதியை மறப்பாய், நான் மீதியை மறுப்பேன்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கண் நன்றாகத் தெரிகிறது. வீட்டில் இருக்கும் தூசியும் சேர்ந்து தெரிகிறது, அதுதான் கஷ்டம். நீங்கள் வந்து பார்த்தால் என்னை வீட்டைவிட்டு வெளியே நிறுத்திவிடுவீர்கள். உங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். "கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருப்பது உங்கள் வழக்கம்.

உங்கள் படம் அருமை. முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தேன். எந்த டாக்டரும் எனக்கு இப்படி விவரம் எழுதித் தந்ததில்லை. ஆனாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இறகுப் புழு என்று ஒன்று உண்டு. அதுவும் நிழல் பட்டால் உள்ளே ஓடும். ஆனால் அதற்குக் குழாய் மாதிரி ஒரு கூடு இருக்கும். தலையில் விசிறி போல இறகு இருக்கும். அது நல்லவன், அதைத் தொடாதீர்கள். உங்களுடையதற்குக் கூடு இல்லாமல், கைகளுக்கு நடுவில் ஒரு வாய் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கடல் சாமந்தி இனத்தில் அது ஒரு களை. கடைக்காரர்கள் ஐப்டேசியா என்பார்கள். அண்ணனும் நானும் கண்ணாடிப் பூ என்போம்.

கரண்டி வேண்டாம். பார்சலில் இருபது ஊசிக்குழல் அனுப்பியிருக்கிறேன், முனை மழுங்கியவை. சுத்தமான சுண்ணாம்புத் தூளைத் தயிர் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, மெதுவாக அருகில் கொண்டுபோய், அதன் வாயின் மேல் வையுங்கள். உணவு என்று நினைத்து விழுங்கும். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். தண்ணீரின் காரம் ஏறிவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். என்ன ஆனாலும் கையால் பிய்க்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஒரு துணுக்கு பாறையில் மிஞ்சினாலும் அது தனிப் பூவாக வளரும்.

அன்று கூடத்தில் சொன்னது என் வாய்க்கொழுப்பு. விட்டுவிடுங்கள். வேண்டுமானால் நான் ஒரு வாரம் வந்து கூட இருக்கிறேன். ஆறடித் தொட்டியை ஒரு ஆள் பார்ப்பது கஷ்டம்.

உங்கள்,
பொடிசு


ஏப்ரல் 6

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். பார்சல் வந்து சேர்ந்தது. இருபது என்று எழுதியிருந்தாய், பத்தொன்பது இருந்தன. பரவாயில்லை.

நீ சொன்ன சோதனையைச் செய்தேன். கூடு இல்லை. வாய் இருக்கிறது. கண்ணாடிப் பூவேதான்.

எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அறுபத்தொன்று. காரணம் தெரியவில்லை. நீரோட்டம் இழுத்துப் பரப்பியிருக்கலாம்.

இன்னொரு பிராணியையும் கண்டேன். பாறைக்கு அடியில், விரல் நீளம், இளஞ்சிவப்பு, இரு பக்கமும் வெள்ளை மயிர். பூச்சி என்று நினைத்துப் பிடித்து இழுத்தேன். மயிர் முழுவதும் விரலில் ஏறிவிட்டது. ஒட்டும் நாடாவை ஒட்டி ஒட்டி எடுத்தேன். அதை எப்படிக் கொல்வது என்று எழுது.

நீ வர வேண்டாம். உனக்கு இப்போதுதான் கண் ஆறியிருக்கிறது. நான் சமாளிப்பேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

விரல் வீக்கம் வடிந்ததா? வடியாவிட்டால் வினிகரில் சிறிது நேரம் வையுங்கள்.

அந்தப் புழுவைத் தயவுசெய்து கொல்லாதீர்கள்! அது முள்மயிர்ப் புழு. மீன் சாப்பிட்டது போக மிஞ்சியதை, செத்ததை, பாறை இடுக்கில் மக்கியதை எல்லாம் தின்று சுத்தம் செய்வதுதான் அதன் வேலை. சம்பளம் கேட்காது, லீவு எடுக்காது. அது உங்க டிபார்ட்மென்ட், அண்ணி! ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்கள் முப்பத்தொரு வருடம் உங்களைக் கண்டு நடுங்கினார்கள். இவனையாவது நிம்மதியாக வேலை பார்க்க விடுங்கள்.

ஆனால் அந்த அறுபத்தொன்று எனக்குப் புரியவில்லை. ஒரு மாதத்தில் ஒன்பது பதினைந்தாகலாம், இருபதாகலாம். அறுபத்தொன்று ஆக வேண்டுமென்றால் யாரோ தேய்த்திருக்க வேண்டும். வேலைக்கு வரும் பெண் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று பாறையிலும் கை வைத்தாளா? கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்.

அதுவரை, தொட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்ததற்குப் போங்கள். நான் வருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. உங்களுக்குச் சிரமம் என்றால் சொல்லுங்கள்.

உங்கள்,
பொடிசு


மே 9

அன்புள்ள பொடிசுக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்கு உடல்நலம் காரணமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலைக்கு வரும் பெண் அந்தத் தொட்டியைத் தொட்டதில்லை. அவள் மேல் பழி வர நான் விடமாட்டேன். தேய்த்தது நான்.

மார்ச் எட்டாம் தேதி. உன் கடிதம் வருவதற்கு முன். ஒன்பது இருக்கிறதே என்று காலையில் பார்த்தேன். ஒன்பது கறை இருக்கும் குளியலறையைப் பார்த்துவிட்டு நான் ஒருநாளும் சாவியை ஒப்படைத்ததில்லை. புதுப் பல்துலக்கி ஒன்றை எடுத்து, பாறைகளில் கை எட்டிய இடமெல்லாம் தேய்த்தேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் மேசை மேல் விரலை ஓட்டிவிட்டு அந்த விரலை எங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார். ஒன்றும் பேச மாட்டார். அந்த விரலுக்குப் பயந்துதான் நான் இன்று வரை தேய்த்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. தண்ணீர் முழுக்கப் பழுப்புப் பஞ்சு பறந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தொட்டி பளிச்சென்று இருந்தது. இரண்டு வாரம் நான் பெருமையாகக்கூட இருந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்தது. "தேய்க்காதீர்கள்" என்ற வரியின் அடியில் நீ இரண்டு கோடு போட்டிருந்தாய்.

நீரோட்டம் என்று நான் எழுதியது பொய். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆக, கூடத்தில் நீ சொன்னது பாதி நிஜமாகிவிட்டது. பாதிதான். தொட்டி சாகவில்லை.

நடப்பு நிலை: தொட்டியை இருபத்து நான்கு கட்டமாகப் பிரித்திருக்கிறேன். ஓட்டலில் மாடிவாரியாக அறைப் பலகை வைத்திருப்போமே, அதுபோல ஒரு பலகை சுவரில் மாட்டியிருக்கிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து. செத்ததை அடுத்த முறை சரிபார்த்த பின்தான் பலகையில் அழிக்கிறேன். செத்தது போலக் கிடந்து மறுபடி முளைத்தவை நான்கு. இன்று மீதி முப்பத்தெட்டு. பம்பின் மூடி தவறி விழுந்து ஒரு பவளத்தின் ஓரம் உடைந்தது. அது பிழைக்குமா என்று எழுது.

ஒரு கேள்வி. உன் அண்ணன் பாறையோ பவளமோ எதையும், பூச்சி சாக மருந்துக் குளியல் கொடுக்காமல் தொட்டியில் விட்டவரில்லை. அவருடைய சர்வீஸ் நோட்டுகளை வரிசையாகப் படித்து வருகிறேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு எழுதியது போலவே தொட்டிக்கும் எழுதி வைத்திருக்கிறார்: எந்தத் தேதியில் என்ன உள்ளே போனது, எத்தனை நிமிடம் குளித்தது. பதினொரு வருடம் வராத பூச்சி எப்படி வந்தது? அவர் தொட்டியில் வராத பூச்சிக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து எங்கே பெயர் வைத்தீர்கள்? உன் தொட்டியில் எப்போதாவது இது வந்ததுண்டா?

அன்புடன்,
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே மழை, எனக்குச் சளி, அப்புறம் ஏதேதோ வேலை.

தேய்த்தது நீங்கள் என்று எழுதியதை மூன்று தரம் படித்தேன். அதை எழுத உங்களுக்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் ஒருமுறை தேய்ப்பார்கள், அண்ணி. சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உடைந்த பவளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சுத்தமாக உடைந்தால் ஆறிவிடும். கசங்கினால்தான் ஆறாது.

இப்போது இருபதுக்குள் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். குட்டிகளை ஊசியால் துரத்துவது வீண் வேலை. பெப்பர்மின்ட் இறால் நான்கு வாங்கி விடுங்கள். அது குட்டிப் பூக்களைத் தின்னும். உடம்பு லேசாக ஒளி ஊடுருவும், மெல்லிய சிவப்புக் கோடுகள். கடையில் இதே பெயரில் ஒட்டக இறாலைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்கு முதுகில் திமில், பெரிய கண், கோடுகளுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளை. அது பவளத்தையே கொத்தும். ஏமாந்துவிடாதீர்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உங்கள்,
பொடிசு


ஜூலை 5

அன்புள்ள பொடிசுக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதம் வந்த கணக்கைப் பார்த்தால் உன் சளி ஆறு வாரம் இருந்திருக்கிறது. டாக்டரைப் பார்.

மீன் கடைக்குப் போனேன். பெப்பர்மின்ட் இறால் கேட்டேன். கடைக்காரர் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நான்கு பேர், நான்கு பேருக்கும் திமில்.

"இது ஒட்டகம்" என்றேன்.

"இறால்மா."

"இறால்தான். ஒட்டக இறால். முதுகைப் பாருங்க."

"தண்ணியில பாத்தா அப்படித்தான் தெரியும்."

"அப்ப வெளியில எடுத்துக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்த தொட்டியிலிருந்து சரியான நான்கை அவரே பிடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "நீங்க அந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சார் வீட்டம்மாவா? அவரும் இப்படித்தான் உக்காந்துருவாரு" என்றார். பதினான்கு மாதம், இல்லை, பதினெட்டு மாதம் ஆகிறது. வெளியார் ஒருவர் அவரைப் பற்றி இன்னும் இருப்பவர் போலப் பேசிக் கேட்டேன். திருத்தவில்லை.

இறால்களைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்கி இரண்டு மணி நேரம் கழித்து விட்டேன். உடனே ஒளிந்துகொண்டன. ஆனால் வேலை நடக்கிறது. இன்று மீதி பதினான்கு.

என் மகன் போன் செய்தான். "அம்மா, ஆகஸ்ட் கடைசிக்கு லாரி சொல்லி வைக்கட்டுமா?" என்றான். "சொல்லு. ஆனா அட்வான்ஸ் குடுத்துடாதே" என்றேன். அவன் சிரித்தான். பிறகு, "உண்மையிலேயே முடியுதாம்மா? கை நடுங்கலையா?" என்று கேட்டான். நடுங்கவில்லை என்றேன். கொஞ்சம் நடுங்குகிறது. முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொள்கிறேன்.

என் கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. தாளில் இடம் போதவில்லை போலும். இத்துடன் இரண்டு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 27

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். மீதி மூன்று. உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரரை நிறுத்தி விசாரித்தேன். அவர் மேல் குற்றமில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய தாளிலேயே எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சளி பத்து நாளில் போய்விட்டது.

கண்ணாடிப் பூ என் தொட்டியிலிருந்து வந்தது.

மூன்று வருடத்துக்கு முன், அண்ணன் கடைசியாக இங்கே வந்தபோது, காளான் பவளம் ஒட்டிய பாறை ஒன்றைக் கொடுத்தேனே, கைப்பிடி அளவு, அதில். அதற்கு ஒரு வருடம் முன்பே என் தொட்டியில் அது வந்திருந்தது. அண்ணனிடம் போனில் புலம்பினேன். அப்போதுதான் பெயர் வைத்தோம். அவர் வாரா வாரம் கேட்பார், "என்ன, போச்சா?" என்று. ஒரு நாள் "போச்சுண்ணா" என்று சொல்லிவிட்டேன். போகவில்லை. ஓயாமல் கேட்கிறாரே, லேபில் வேலை பார்த்தவளுக்கு ஒரு பூச்சியை ஒழிக்கத் தெரியவில்லையா என்று நினைப்பாரே என்று இருந்தது. பாறையைக் கொடுக்கும்போது அதில் இரண்டு குட்டிகள் இருந்தன. நகத்தால் சுரண்டினேன். அண்ணன் எப்படியும் மருந்துக் குளியல் கொடுப்பார், எந்தப் பாறையையும் விட மாட்டார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கூடத்தில் நான் அப்படிச் சொன்னது எதனால் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்று தொட்டிக்கு முன்னால் நின்றபோது அந்தப் பாறையின் ஓரத்தில் ஒன்று விரிந்திருந்ததைப் பார்த்தேன். தொட்டி கெட்டால் உங்களால் கெட்டதாக இருக்கட்டும் என்று என் வாய் முந்திக்கொண்டது. நீங்கள் ஐந்து மாதமாக ஊசியும் கையுமாக நிற்கிறீர்கள். நான் உங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். மகனுக்குக் காட்ட வேண்டிய தாளை எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். "தொட்டியில் ஒன்றுகூட இல்லை" என்று எழுதியிருக்கிறேன். தேதி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அண்ணி. உலகத்தில் எந்தத் தொட்டியிலும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருங்கள்.

நான் வந்து முகத்தைக் காட்டுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். கேட்கவில்லை.

பொடிசு


ஆகஸ்ட் 19

அன்புள்ள பொடிசுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தால் உடனே நிறுத்து.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை, மடித்தபடியே இருக்கிறது. "போச்சு" என்று நீ ஒருமுறை சொன்னதால்தான் இத்தனையும் நடந்தது. மறுபடியும் அதையே எழுத்தில் தருகிறாயா? ஒன்றுகூட இல்லாமல் என்று எழுதியது நான். யார் நெருக்கியும் எழுதவில்லை; என் திமிரில் எழுதினேன். என் கையெழுத்துக்கு நான் மரியாதை கொடுத்தாக வேண்டும்.

எனக்கு மே மாதமே தெரியும். நோட்டில் எல்லாப் பக்கத்திலும் குளியல் நிமிடம் இருக்கிறது. ஒரே ஒரு பக்கத்தில் இல்லை. அங்கே உன் அண்ணன் எழுதியிருப்பது இது: "தங்கச்சி கொடுத்தது. குளியல் தேவையில்லை. அவள் கை சுத்தம்."

அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. நீ சொல்வாயா என்று பார்க்கக் கேட்டேன். சிஸ்டரின் விரலை மூன்று மாதம் உன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அது என் குணக்கேடு. மன்னித்துக்கொள்.

கணக்கைச் சரியாகப் போடு. அவர் குளிப்பாட்டுவார் என்று நீ விட்டாய். நீ கொடுத்ததாயிற்றே என்று அவர் விட்டார். ஒன்பதை அறுபத்தொன்று ஆக்கியது நான். மூன்று பேரும் சேர்ந்து வளர்த்த பயிர் இது. இதில் நீ மட்டும் தனியாகப் பழி சுமக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்றைய நிலை: பலகையில் இருபத்து மூன்று கட்டம் காலி. மீதி ஒன்று. அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. கட்டைவிரல் தடிமன் இருக்கிறது. உன் பாறையை அவர் மூளைப் பவளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். மூன்று வருடத்தில் மூளைப் பவளம் வழிந்து இறங்கி உன் பாறையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இப்போது இரண்டும் ஒரே பாறை. சேர்ந்த இடத்தில் விரல் நுழையாத ஒரு பிளவு. அந்த மூத்தவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். ஊசி காட்டினால் உள்ளே போய்விடுகிறான். இறால் கிட்டே போனது. இவனுடைய அளவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

பதினோரு நாள் எல்லா வழியும் பார்த்துவிட்டேன். ஒரே வழிதான். பாறையை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய அகன்ற டப்பில் வைத்து, சேர்ந்த இடத்தில் உளி வைத்து இரண்டையும் பிரிக்க வேண்டும். சுத்தமாக உடைந்தால் ஆறிவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பிரித்தபின், அவன் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறானோ அந்தப் பக்கத்தை அடிக்கல்லோடு வெட்டி எடுத்துவிடலாம். தேய்க்கப்போவதில்லை.

பாறை பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒருவர் ஆடாமல் பிடிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். என்னால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், பார்.

வா. மூளைப் பவளத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். உளி உன் கையில் இருக்கட்டும். உன் கை நடுங்காது. முப்பது வருடம் நரம்பு தேடிய கை. பிரித்துவிட்டு, இரண்டு நாள் பொறுத்து, இருபத்து நான்கு கட்டத்தையும் நீயே எண்ணு. என்ன இருக்கிறதோ அதை எழுதிக் கையெழுத்துப் போடு. ஒன்றுமில்லை என்றால் லாரிக்காரனுக்கு நானே போன் செய்கிறேன். ஒன்று என்றால் ஒன்று என்று எழுது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் மகனோடு போவேன். தொட்டியை நீ எடுத்துப் போவாய். அந்த ஏற்பாட்டையும் அவனிடம் சொல்லிவிட்டேன். "அத்தை வர்றாங்களா? நிஜமாவா? நீ கூப்பிட்டியா?" என்று மூன்று தரம் கேட்டான். மூன்றாவது தரம் போனை வைத்துவிட்டேன்.

உளியை உப்புநீரில் கழுவி வைத்திருக்கிறேன். முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று. விரிப்பின் மூலைகளை மடித்திருக்கிறேன். குறை கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடி. வரும்போது கையுறை இரண்டு ஜோடி எடுத்து வா, இந்த முறை எண்ணி.

இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. எந்தத் தேதி, எந்த ரயில், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை உடனே எழுதி அனுப்பு. போன் வேண்டாம். எழுத்தில் வேண்டும்.

அன்புடன்,
அண்ணி